காலேஜ் ஆபீஸ் ஸ்டாஃப், லேப் ஸ்டாஃப் எல்லாம் சங்கத்துல சேரலாமா? சேந்தா என்ன கிடைக்கும்?

கேட்டிருந்தது இதுதான்: தமிழ்நாட்டுல ஒரு எய்டட் காலேஜ்ல செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம் ஆபீஸ்ல 6 வருஷமா வேலை பாக்கறாங்க, மாசம் 12,000 ரூபா. பக்கத்து சீட்ல எய்டட் போஸ்ட்ல இருக்கறவரு கிட்டத்தட்ட அதே வேலைதான் பாக்கறாரு, அவருக்கு சங்கம் இருக்கு, இவங்களுக்கு இல்ல. சேரலாமா, சேந்தா மேனேஜ்மென்ட் வேலையை விட்டுத் தூக்கிடுமா, சங்கம் நமக்குன்னு என்னதான் பண்ணும், இதான் கேள்வி.

சேரலாம். சட்டத்துல எந்தத் தடையும் இல்ல. ஆனா ஒரு வரில முடிக்கற விஷயம் இல்ல இது, ஏன்னா காலேஜ்ல பாடம் எடுக்காத ஆளுங்களோட பிரச்சனையே தனி ரகம். நான் எய்டட் காலேஜ் ஆபீஸ்ல இளநிலை உதவியாளரா சேந்து கண்காணிப்பாளரா ரிட்டயர் ஆனவன், நடுவுல ரொம்ப வருஷம் சங்கப் பொறுப்புலயும் இருந்தவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல ஒரு காம்பவுண்டுக்குள்ள எத்தனை விதமான ஸ்டாஃப் இருக்காங்கன்னு பாருங்க. எய்டட் போஸ்ட்ல இளநிலை உதவியாளர், உதவியாளர், தட்டச்சர், பதிவறை எழுத்தர், ஸ்டோர் கீப்பர், லேப் அசிஸ்டென்ட், கேஸ் மெக்கானிக், ஹெர்பேரியம் கீப்பர், கிரவுண்டுல மார்க்கர், ஆபீஸ் அசிஸ்டென்ட், தோட்டக்காரர், வாட்ச்மேன், துப்புரவுப் பணியாளர்னு வரிசையா இருப்பாங்க, இவங்களுக்கு சம்பளம் அரசு குடுக்குது, பில்லு காலேஜ்லருந்து மண்டல இணை இயக்குநர் (ஆர்ஜேடி) ஆபீஸுக்குப் போய் அங்கருந்து கருவூலம் போகும். அடுத்தது உங்கள மாதிரி செல்ஃப் ஃபைனான்ஸ் பக்கம், சம்பளம் ஃபீஸ் வசூல்லருந்து மேனேஜ்மென்ட் குடுக்கறது, இன்கிரிமென்ட்டுன்னு ஒண்ணு எழுத்துல இருக்காது, செயலாளர் மனசு வெச்சா உண்டு. மூணாவது கான்ட்ராக்ட் ஆளுங்க, செக்யூரிட்டி ஹவுஸ்கீப்பிங் எல்லாம் ஏஜென்சி மூலமா வர்றவங்க, காலேஜ் வருகைப் பதிவேட்டுல அவங்க பேரே இருக்காது. இது போக லைப்ரரியனும் ஃபிசிக்கல் டைரக்டரும் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) ஸ்கேல்ல இருக்கறதால ஆசிரியர் பக்கம் சேந்துருவாங்க. ஒரு எய்டட் கிளார்க் ரிட்டயர் ஆனா அந்த இடம் வருஷக்கணக்கா காலியா கிடக்கும், அந்த ஃபைல் எல்லாம் செல்ஃப் ஃபைனான்ஸ் ஆள் டேபிளுக்கு வந்துரும். உங்க டேபிளுக்கும் அப்படித்தான் வந்திருக்கும்.

இதுல எல்லாருக்கும் பொதுவான சிக்கல் என்னன்னா, நாம ஆசிரியரும் இல்ல, முழு அரசு ஊழியரும் இல்ல. ஆசிரியருக்கு யுஜிசி ஸ்கேல் இருக்கு, அசிஸ்டென்ட் புரொஃபசரோட ஆரம்ப அடிப்படை 57,700. ஏழாவது ஊதியக்குழுல தமிழ்நாடு அரசு இளநிலை உதவியாளருக்கு வெச்ச ஆரம்ப அடிப்படை 19,500, ஆபீஸ் அசிஸ்டென்ட்டுக்கு 15,700. நான் இதை ஆசிரியர் மேல பொறாமைல சொல்லல, அவங்க படிப்புக்கும் தகுதிக்கும் அது நியாயம்தான். அவங்களுக்கு ஒரு ஆணை வந்தா யுஜிசி ரெகுலேஷன்னு ஒரு பிடிமானம் பின்னால இருக்கு. அரசு ஊழியருக்கு ஒரு ஆணை வந்தா தலைமைச் செயலகத்துலருந்து நேரா வருது. நமக்கு? டிஏ உயர்வு ஆகட்டும், பொங்கல் போனஸ் ஆகட்டும், சரண் விடுப்பு ஆகட்டும், மருத்துவக் காப்பீடு ஆகட்டும், ஒவ்வொரு அரசாணையிலயும் "உதவி பெறும் கல்லூரிகளின் ஆசிரியரல்லாத பணியாளர்களுக்கும் பொருந்தும்"னு ஒரு வரி இருக்கணும். அந்த வரி இல்லன்னா ஆர்ஜேடி ஆபீஸ்ல பில்லு திரும்பி வரும், "தெளிவுரை கேட்டிருக்கோம்"னு சொல்லுவாங்க, அந்தத் தெளிவுரை வர்றதுக்குள்ள ரெண்டு பேர் ரிட்டயர் ஆயிருப்பாங்க. என்னைக் கேட்டா ஆசிரியர் அல்லாதோர் சங்கத்தோட முக்கால்வாசி வேலை இந்த ஒரு வரிக்காகத்தான். ஆர்ப்பாட்டம், கோஷம் எல்லாம் வெளிய தெரியும். ஆனா அரசாணை (ஜி.ஓ) வந்த அன்னிக்கே அதை வரிவரியா படிச்சு, நாம இருக்கமா இல்லையான்னு பாத்து, இல்லன்னா மறுநாளே சென்னைல இயக்குநர் ஆபீஸ்ல மனுவோட போய் நிக்கற ஆள் வேணும், அதான் சங்கம்.

அரசாணைல பேரு வந்தாலும் ஃபைல் நகரணும். ஒரே போஸ்ட்ல 10 வருஷம் முடிச்சா தேர்வுநிலை, 20 வருஷத்துல சிறப்புநிலைன்னு சம்பளம் ஒரு படி ஏறும், இது நமக்கு உரிமை, யாரும் தயவு பண்றது இல்ல. ஆனா சர்வீஸ் புக்குல ஒரு பழைய லீவு என்ட்ரில கையெழுத்து இல்லன்னு ஃபைலைத் திருப்புவாங்க, அந்தக் கையெழுத்து போட வேண்டிய பிரின்சிபால் இறந்தே போயிருப்பாரு. புதுசா அப்பாயின்ட் ஆனவங்க அப்ரூவல் வராம சம்பளமே இல்லாம மாசக்கணக்கா வேலை பாக்கறதும் நடக்குது, கல்யாணம் ஆகி கைக்குழந்தையோட இருக்கற பையன் கடன் வாங்கி பஸ்ஸுக்கு வர்றதை நானே பாத்திருக்கேன். தனி ஆளா ஆர்ஜேடி ஆபீஸ் போனா "வெள்ளிக்கிழமை வாங்க"ன்னு சொல்லுவாங்க. மண்டலத்துல இருக்கற காலேஜ் ஒவ்வொண்ணுலயும் தேங்கி நிக்கற ஃபைல் எல்லாத்தையும் ஒரே பட்டியலா போட்டு, எந்தத் தேதில அனுப்பினது, எந்த செக்ஷன்ல இருக்குன்னு எழுதி சங்கம் லெட்டர்ஹெட்ல குடுத்தா அங்க இருக்கற அதிகாரிக்கும் அதை ஒதுக்கி வைக்கறது கஷ்டம்.

வேலைப்பளு பத்தி யாரும் பேசறது இல்ல, அதையும் சொல்லணும். புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர்ல வந்துச்சு, தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட்ல, ரெண்டுலயும் அரசுப் பள்ளில படிச்சு காலேஜ் வந்த பிள்ளைங்களுக்கு மாசம் 1,000 ரூபா. நல்ல திட்டம், அந்த ஆயிரம் ரூபாலதான் ஹாஸ்டல் மெஸ் பில்லு கட்டற பொண்ணுங்க இருக்காங்க. ஆனா அந்தக் காசு அவங்க அக்கவுண்டுக்குப் போய் விழணும்னா யூமிஸ்ங்கற அரசோட மாணவர் விவரப் போர்ட்டல்ல ஒவ்வொரு பிள்ளையோட விவரத்தையும் காலேஜ் ஆபீஸ்தான் ஏத்தணும். பள்ளிக்கூடத்துல போட்ட எமிஸ் (மாணவர் அடையாள) நம்பர் வேணும், அது பிள்ளைக்குத் தெரியாது, படிச்ச ஸ்கூலுக்கு ஃபோன் போடணும். டி.சி.ல இனிஷியல் முன்னால இருக்கும், ஆதார்ல பின்னால இருக்கும், பேங்க் பாஸ்புக்குல அப்பா பேரு முழுசா சேந்து இருக்கும். ஆதார் எந்த அக்கவுண்டோட இணைஞ்சிருக்குன்னு பாத்தா அம்மா நூறு நாள் வேலைக்குன்னு என்னைக்கோ ஓபன் பண்ணின ஜாயின்ட் அக்கவுண்டா இருக்கும். கவுன்டர்ல ஒரு பக்கம் போனஃபைடு கேட்டு கியூ, இன்னொரு பக்கம் பிசி எம்பிசி ஸ்காலர்ஷிப் ரெனியூவல், எஸ்சி எஸ்டி போஸ்ட் மெட்ரிக், சாயங்காலம் நாலு மணிக்கு "நாளை மாலைக்குள் 100 சதவீதம் முடிக்க"ன்னு சர்க்குலர் வரும், பகல்ல சர்வர் நகராது, ராத்திரி வீட்டுல உக்காந்து சொந்த டேட்டால ஏத்தணும். ஒரு எழுத்து தப்பாப் போய் பிள்ளைக்குக் காசு வரலன்னா மெமோ நமக்கு. இது போக காலேஜுக்குத் தர கிரேடு போடற நாக் டீம் வர்ற வருஷம் எல்லாம் எஸ்எஸ்ஆர் (சுய மதிப்பீட்டு அறிக்கை) டேட்டா, ஐக்யூஏசி (காலேஜோட தர உறுதிக் குழு) கேக்கற அஞ்சு வருஷ ஃபைல், அந்த ஃபைலைத் தேடி எடுத்து ஜெராக்ஸ் போடறது யாரு? கிரேடு வந்ததும் மேடைல பேர் சொல்றப்போ கவனிங்க, ஆபீஸ் ஸ்டாஃப் பேர் வந்தா அது நல்ல காலேஜ்.

இத்தனை வேலை கூடியும் போஸ்ட் எண்ணிக்கை கூடல. கையால லெட்ஜர் எழுதின காலத்துல போட்ட பணியிடக் கணக்கை வெச்சுக்கிட்டு அதுலயும் பாதி காலி. போர்ட்டல் வேலைக்குன்னு தனியா ஒரு டேட்டா என்ட்ரி பணியிடம் ஒவ்வொரு எய்டட் காலேஜுக்கும் வேணும்னு கேக்கறது நியாயமான கோரிக்கை, இதை ஆசிரியர் சங்கங்களும் சேந்து கேக்கணும், ஏன்னா ஆபீஸ்ல ஆள் இல்லன்னா அந்த வேலை கிளாஸ் இன்சார்ஜ் தலைல விழுது.

சரி, சட்டம். இதுல ஒரு கதை இருக்கு, காலேஜ்ல வேலை பாக்கற எல்லாரும் தெரிஞ்சுக்கணும். டெல்லி யுனிவர்சிட்டில மாணவிகள் வந்து போறதுக்கு பஸ் ஓட்டினாங்க, நஷ்டம்னு அதை நிறுத்தினப்போ ரெண்டு டிரைவரை வேலைய விட்டு அனுப்பிட்டாங்க. ஆட்குறைப்பு இழப்பீடு கேட்டு அவங்க போனாங்க, தொழிலாளர் தீர்ப்பாயம் அவங்க பக்கம் சொல்லுச்சு. 1963ல சுப்ரீம் கோர்ட் அதை மாத்திருச்சு. யுனிவர்சிட்டியோட முக்கிய வேலை கல்வி, அதைச் செய்யறவங்க ஆசிரியர்கள், அவங்க தொழிலாளர் இல்ல, டிரைவர் கிளார்க் மாதிரி ஆளுங்க அந்த அமைப்புல ரொம்பச் சின்னப் பங்கு, அதனால யுனிவர்சிட்டி 'தொழில்' ஆகாதுன்னு தீர்ப்பு. அதாவது பாடம் எடுக்கறவருக்கு லேபர் சட்டம் பொருந்தாதுங்கறதுக்காக பஸ் ஓட்டறவருக்கும் கிடையாதுன்னு ஆச்சு. 15 வருஷம் கழிச்சு 1978ல பெங்களூர் குடிநீர் வாரிய வழக்குல ஏழு நீதிபதி அமர்வு, கிருஷ்ணய்யர் எழுதின தீர்ப்பு, அதை அடிச்சுத் தள்ளி கல்வி நிறுவனமும் 'தொழில்'தான்னு சொல்லுச்சு. 1988ல இன்னொரு தீர்ப்பு ஆசிரியர் 'தொழிலாளி' இல்லன்னு உறுதியா சொல்லிருச்சு. ஆக கிளார்க், லேப் ஸ்டாஃப், டிரைவர், அட்டெண்டருக்கு லேபர் கோர்ட் கதவு திறந்தது 1978லதான். 2017ல அந்தத் தீர்ப்பையே மறுபடி பாக்கணும்னு 9 நீதிபதி அமர்வுக்கு அனுப்பினாங்க, 2025 நவம்பர் 21லருந்து புது லேபர் கோடுகளும் நடைமுறைக்கு வந்தாச்சு. அதனால கேஸ் போடறதுக்கு முன்னாடி லேபர் சைடு பாக்கற வக்கீல் ஒருத்தர்கிட்ட எந்தச் சட்டத்துல போறதுன்னு கேட்டுட்டுப் போங்க, பத்து வருஷம் முன்னாடி யாரோ போட்ட பெட்டிஷனை அப்படியே காப்பி அடிக்காதீங்க.

இதுல நடுவுல மாட்டறவங்க யாருன்னா மேல்நிலை ஆபீஸ் ஸ்டாஃப். கண்காணிப்பாளர், பர்சார் (நிதிப் பொறுப்பாளர்), யுனிவர்சிட்டில செக்ஷன் ஆபீசர், உதவிப் பதிவாளர், சிஸ்டம் அனலிஸ்ட், ப்ரோகிராமர். இவங்க மேற்பார்வை வேலை பாக்கறாங்கன்னு சொல்லி, சம்பளம் ஒரு அளவைத் தாண்டினா தொழிலாளிங்கற வட்டத்துலருந்து வெளிய போயிருவாங்க. அந்த அளவு பழைய சட்டத்துல 10,000 ரூபா, புது கோடுல 18,000 ரூபா. இன்னிக்கு எந்த சூப்பரின்டென்டென்ட் 18,000க்கு உள்ள இருக்காரு? பேருக்கு மேற்பார்வைன்னு போட்டுட்டு முழு நேரமும் என்ட்ரி வேலைதான் வாங்கறாங்கன்னா, உண்மையா பாக்கற வேலைய வெச்சுதான் கோர்ட் முடிவு பண்ணும், அதனால தினம் என்ன வேலை பாக்கறீங்கங்கறதுக்கு ஆதாரம் வெச்சுக்கிறது நல்லது. மேனேஜ்மென்ட் இவங்களை 'நீங்க எங்க ஆளு'ன்னு சொல்லி சங்கத்துக்கு வெளிய வைக்கப் பாக்கும், சங்கத்துல இருக்கறவங்க 'அவரு மேனேஜ்மென்ட் ஆளு'ன்னு ஒதுக்குவாங்க, கடைசில ஏதாவது ஆடிட் அப்ஜெக்ஷன் வந்து ரிட்டயர்மென்ட் அன்னிக்குப் பணத்தை நிறுத்தி வெச்சா இவங்களுக்காகப் பேச ஆளே இருக்காது. அவங்களையும் சங்கத்துக்குள்ள வெச்சுக்கணும்னு நான் எப்பவும் சொல்லுவேன். ரூல் தெரிஞ்சவங்க அவங்கதான்.

உங்க பயத்துக்கு வர்றேன். தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்காற்றுச் சட்டம் 1976ன்னு ஒண்ணு இருக்கு. அது ஆசிரியருக்கு மட்டும் இல்ல, கல்லூரில வேலை பாக்கற மத்த எல்லாருக்கும் சேத்துதான். டிஸ்மிஸ் பண்றது, நீக்கறது, பதவி இறக்கறது இதெல்லாம் விளக்கம் கேட்டு, விசாரணை நடத்தி, அதிகாரியோட முன் அனுமதி வாங்கித்தான் செய்யணும். சஸ்பெண்ட் பண்ணினா ரெண்டு மாசம், அதுக்கு மேல போகணும்னா அனுமதியோட இன்னும் ரெண்டு மாசம், அவ்வளவுதான். தனியார் கல்லூரின்னா எய்டு வாங்கறது மட்டும்னு நினைச்சுக்காதீங்க, யுனிவர்சிட்டி அஃபிலியேஷன் வாங்கின செல்ஃப் ஃபைனான்ஸும் அதுக்குள்ள வரும். சிறுபான்மை நிறுவனமா இருந்தா சில பிரிவு அப்படியே பொருந்தாது. சங்கத்துல சேந்ததுக்காக மிரட்டறது, இடம் மாத்தறது, வேலைய விட்டு நிறுத்தறது இதெல்லாம் லேபர் சட்டப்படி நியாயமற்ற நடவடிக்கை. சட்டம் இருக்குன்னு சொல்றேனே தவிர நாளைக்கே நீதி கிடைச்சிரும்னு சொல்ல மாட்டேன், கேஸு இழுக்கும், அதுவரைக்கும் வீட்டுல சோறு பொங்கணும். அதனாலதான் தனியா முதல் ஆளாப் போய் நிக்காதீங்க, கூட்டமா சேருங்க. ஒரு சங்கம் பதிவு பண்ண 7 பேர் வேணும், அதோட மொத்த ஸ்டாஃப்ல 10 சதவீதம் இல்லன்னா 100 பேர், எது குறைவோ அது. ஒரே காலேஜ்ல ஆரம்பிக்கறதை விட பக்கத்து நாலஞ்சு காலேஜ் செல்ஃப் ஃபைனான்ஸ் ஸ்டாஃபையும் சேத்துக்கிட்டா எந்த ஒரு செயலாளருக்கும் யாரை மிரட்டறதுன்னு தெரியாது.

சேர்றதுக்கு முன்னாடியே இன்னிக்கு நீங்க பாக்க வேண்டியது சம்பள ஸ்லிப். கல்வி நிறுவனங்களுக்கு பி.எஃப் 1982லயே வந்தாச்சு. 12,000 சம்பளத்துல உங்க பங்கு 12 சதவீதம், 1,440 ரூபா, அதே அளவு மேனேஜ்மென்ட்டும் போடணும். சில இடத்துல ரெண்டு பங்கையும் ஸ்டாஃப் சம்பளத்துலயே புடிச்சிருவாங்க, அது சட்டவிரோதம். உமாங் ஆப்ல யுஏஎன் நம்பர் போட்டு பாஸ்புக் பாருங்க, மாசாமாசம் விழுதா, உங்க நிஜ சம்பளத்துக்கு விழுதா இல்ல ஆறாயிரம்னு குறைச்சுக் காட்டியிருக்காங்களான்னு பாருங்க. 21,000க்குள்ள சம்பளம்னா இ.எஸ்.ஐ, உங்க பங்கு 0.75 சதவீதம், அதாவது 90 ரூபா, நிறுவனத்தோட பங்கு 3.25 சதவீதம். கார்டு குடுக்கலன்னா கேளுங்க, ஒரு ஆபரேஷன்னு வந்தா அந்தக் கார்டோட அருமை தெரியும். அப்புறம் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. 5 வருஷம் தாண்டினாலே உரிமை வந்துரும், அடிப்படை சம்பளமும் டிஏவும் சேத்து 15ஆல பெருக்கி 26ஆல வகுத்து சர்வீஸ் வருஷத்தால பெருக்கணும். முழு 12,000மும் அந்தக் கணக்குல வந்தா 6 வருஷத்துக்கு 41,538 ரூபா. நிறைய பேர் வேலைய விட்டுப் போறப்போ ஒரு சால்வையும் கடிகாரமும் வாங்கிட்டு இதைக் கேக்காமலே போயிடறாங்க. 2004ல சுப்ரீம் கோர்ட் ஆசிரியருக்கு கிராஜுவிட்டி சட்டம் பொருந்தாதுன்னு சொன்னப்போ பார்லிமென்ட் 2009ல திருத்தம் கொண்டுவந்து 1997லருந்தே உண்டுன்னு ஆக்குச்சு. ஆபீஸ் ஸ்டாஃபுக்கு அந்தச் சந்தேகமே வந்தது இல்ல, 1997லருந்து நாம உள்ளதான் இருக்கோம், கேக்கற ஆள்தான் இல்ல. அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கையில இல்லன்னா அதையும் எழுதிக் கேளுங்க, புது கோடுல அது கட்டாயம்.

தினக்கூலி, தொகுப்பூதியம் விஷயம்தான் மனசை ரொம்ப வருத்தறது. யுனிவர்சிட்டி கேம்பஸ்ல 15, 20 வருஷமா தினக்கூலில இருக்கறவங்க உண்டு, விடைத்தாள் கட்டு தூக்கறதுலருந்து கான்வகேஷனுக்கு நாற்காலி போடற வரைக்கும் அவங்கதான். தற்காலிகமா சேந்தவங்க நிரந்தரமாக்கச் சொல்லி உரிமையா கேக்க முடியாதுன்னு 2006ல சுப்ரீம் கோர்ட்டோட உமாதேவி தீர்ப்பு வந்ததுலருந்து எங்க போனாலும் அதைக் காட்டி முடியாதுன்னு சொல்லிட்டு இருந்தாங்க. தமிழ்நாட்டுல அதே 2006 பிப்ரவரில வந்த அரசாணை 22, 1-1-2006 அன்னிக்கு 10 வருஷம் முடிச்ச தினக்கூலிகளை நிரந்தரமாக்கலாம்னு சொல்லுச்சு, அந்தத் தேதிக்கு ஒரு மாசம் குறைஞ்சவங்க எல்லாம் வெளிய நின்னுட்டாங்க. இப்ப காத்து கொஞ்சம் மாறி அடிக்குது. 2025 ஆகஸ்ட்ல தரம் சிங் வழக்குல உத்தரப்பிரதேச உயர்கல்வி தேர்வாணையத்துல 1990 வாக்குல தினக்கூலியா சேந்த கடைநிலை ஊழியர்களை நிரந்தரமாக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டுச்சு, நிரந்தரமான வேலைக்கு வருஷக்கணக்கா தற்காலிக ஆளை வெச்சு ஓட்டறதையும் பணம் இல்லன்னு அரசு சாக்கு சொல்றதையும் ரொம்பக் கடுமையாக் கண்டிச்சாங்க. இந்தத் தீர்ப்பு நகலை ஒவ்வொரு சங்கமும் கைல வெச்சிருக்கணும். ஆனா தீர்ப்பைப் பயன்படுத்தணும்னா நீங்க வேலை பாத்ததுக்கு ஆதாரம் வேணும். வவுச்சர் நகல், ஐடி கார்டு, எலெக்ஷன் டியூட்டி ஆர்டர், பேங்க் ஸ்டேட்மென்ட், எக்ஸாம் வேலைக்குப் போட்ட ஆபீஸ் ஆர்டர், எதுவா இருந்தாலும் ஒரு ஃபைல்ல போட்டு வீட்டுல வைங்க.

யுனிவர்சிட்டி ஸ்டாஃப் நிலைமை வேற மாதிரி மோசம். அரசு குடுக்கறது பிளாக் கிராண்ட், அதாவது மொத்தமா ஒரு தொகை, மீதி அவங்களே எக்ஸாம் ஃபீஸ், அஃபிலியேஷன் ஃபீஸ், தொலைதூரக் கல்வின்னு சம்பாதிச்சுக்கணும். மதுரை காமராஜர் யுனிவர்சிட்டிலருந்து 1990ல மனோன்மணியம் சுந்தரனார் பிரிஞ்சு போச்சு, காலேஜும் ஃபீஸும் அதோட போச்சு, தொலைதூரக் கல்வி வருமானமும் அப்புறம் படுத்துருச்சு, ஆனா பழைய ஸ்டாஃபோட பென்ஷன் சுமை அங்கயேதான் இருக்கு. மாசக்கணக்கா சம்பளமும் பென்ஷனும் வராம ஊழியர்களும் வயசானவங்களும் கேம்பஸ்ல உக்காந்து போராடினதை மதுரைக்காரங்க எல்லாருக்கும் தெரியும். 1857ல ஆரம்பிச்ச சென்னை யுனிவர்சிட்டியோட பேங்க் அக்கவுண்டையே 2024 பிப்ரவரில வருமான வரித்துறை முடக்குச்சு. ஆடிட் அப்ஜெக்ஷன்னு கிராண்ட்டைக் குறைக்கறாங்க, அந்த அப்ஜெக்ஷன் எல்லாம் மேல இருந்தவங்க அனுமதி வாங்காம போட்ட போஸ்டிங், குடுத்த ப்ரமோஷன் பத்தினது, முடிவெடுத்தவரு பதவிக்காலம் முடிஞ்சு போயிட்டாரு, மாசச் சம்பளம் நின்னது பியூனுக்கும் கிளார்க்குக்கும்.

சிதம்பரம் அண்ணாமலை யுனிவர்சிட்டிய பாருங்க. தனியார் நிர்வாகத்துல இருந்தப்போ தேவைக்கு மேல பல மடங்கு ஆள் எடுத்தாங்க, அதுல ஆசிரியர் அல்லாதவங்கதான் அதிகம். 2012 கடைசில பணம் இல்ல, சம்பளத்தைக் குறைக்கறோம், ஆளைக் குறைக்கறோம்னு நிர்வாகம் சொன்னதும் ஆசிரியர், ஊழியர் எல்லாம் ஒண்ணா ரோட்டுக்கு வந்தாங்க. 2013ல அரசு நிர்வாக அதிகாரிய போட்டு, தனிச் சட்டம் கொண்டுவந்து கையில எடுத்துக்குச்சு. அந்தப் போராட்டம் மட்டும் இல்லன்னா ஆயிரக்கணக்கான குடும்பம் அன்னிக்கே நடுத்தெருவுக்கு வந்திருக்கும், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதுக்கப்புறம் உபரின்னு சொல்லி மாநிலம் முழுக்க அரசுக் காலேஜுக்கும் மத்த துறைகளுக்கும் அனுப்பினாங்க, குறிப்பிட்ட காலத்துக்குன்னு சொல்லி திரும்பத் திரும்ப நீட்டிப்பு. குடும்பம் சிதம்பரத்துல, வேலை வேற மாவட்டத்துல, போன இடத்துல 'நீங்க எங்க ஸ்டாஃப் இல்ல'ம்பாங்க, சீனியாரிட்டி ப்ரமோஷன்னா அங்க கேளுங்கம்பாங்க. வேலைய காப்பாத்தினது பெரிய வெற்றிதான், ஆனா போன இடத்துல சர்வீஸ் எப்படி கணக்காகும்னு எழுத்துல வாங்காம ஒரு இடமாற்றத்துக்கும் ஒத்துக்கக் கூடாதுங்கறதை அவங்க பட்ட பாட்டுலருந்து மத்தவங்க எடுத்துக்கணும்.

பென்ஷன் சுருக்கமா. 1-4-2003லயும் அதுக்கு அப்புறமும் சேந்தவங்களுக்கு சிபிஎஸ் (பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்), அடிப்படையும் டிஏவும் சேத்து 10 சதவீதம் பிடித்தம். ரிட்டயர் ஆனவங்க கட்டின பணத்தை மொத்தமா வாங்கிட்டுப் போனாங்களே ஒழிய மாசாமாசம் பென்ஷன்னு ஒண்ணு பாக்கல. 2026 ஜனவரில கடைசிச் சம்பளத்துல 50 சதவீதம் உறுதின்னு புதுத் திட்டம் அறிவிச்சாங்க. மேல சொன்ன அதே வேலைதான் இங்கயும், ஆணைல எய்டட் காலேஜும் யுனிவர்சிட்டியும் பேர் சொல்லி வரணும், வந்ததான்னு சங்கம் படிச்சுப் பாக்கணும்.

பொம்பளப் பிள்ளைங்க ஆபீஸ்ல நிறைய இருக்கறதால இதையும் சொல்லிடறேன். யுஜிசி 2015 விதிப்படி காலேஜ்ல இருக்கற பாலியல் புகார் கமிட்டில ஆசிரியர் ரெண்டு பேரோட ஆசிரியர் அல்லாத ஊழியர் ரெண்டு பேரும் கண்டிப்பா இருக்கணும். உங்க காலேஜ் நோட்டீஸ் போர்டுல போய் பேரைப் படிங்க, பல இடத்துல எல்லாமே ஹெச்ஓடி பேராத்தான் இருக்கும். லேப்ல தனியா வேலை பாக்கற பொண்ணோ, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் ஃபீஸ் கணக்கு முடிக்கற பொண்ணோ ஒரு புரொஃபசர் மேல புகார் குடுக்கணும்னா அந்தக் கமிட்டில நம்ம ஆளு ஒருத்தர் உக்காந்திருக்கணும். பிரசவ லீவு அரசுச் சம்பளக்காரங்களுக்கு 12 மாசம், உங்களுக்குச் சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோட. 'ரெண்டு மாசத்துல வா, இல்லன்னா வராத'ன்னு எந்த செயலாளரும் சொல்ல முடியாது.

ஸ்ட்ரைக் பத்தி கேப்பீங்க. 2003ல தமிழ்நாட்டுல டெஸ்மா (அத்தியாவசியப் பணிகள் சட்டம்) போட்டு ஒரே நாள்ல லட்சத்துக்கு மேல அரசு ஊழியர் ஆசிரியரை டிஸ்மிஸ் பண்ணினாங்க, அப்ப ரங்கராஜன் வழக்குல சுப்ரீம் கோர்ட் வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லன்னு சொல்லுச்சு. அதுக்கப்புறமும் 2019 ஜனவரில ஜாக்டோ ஜியோ (ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களோட கூட்டமைப்பு) ஸ்ட்ரைக் நடந்துச்சு, சங்கம் யாரும் பயந்து மூடிட்டுப் போயிடல. ஆனா செல்ஃப் ஃபைனான்ஸ் ஸ்டாஃப் ஸ்ட்ரைக்ல ஆரம்பிக்க வேணாம்ங்கறதுதான் என் கருத்து. மதிய இடைவேளைல வாயில் கூட்டம், கறுப்பு பேட்ஜ், மாச முதல் தேதி சம்பளம் வரலன்னா பிரின்சிபால்கிட்ட எல்லாரும் கையெழுத்துப் போட்ட லெட்டர், பி.எஃப் ஆபீஸுக்குப் புகார், இதுலயே பாதி நகரும். மூட்டா, ஏயூடி மாதிரி ஆசிரியர் சங்கங்களுக்கு கோர்ட்டும் தலைமைச் செயலகமும் பழக்கம், அவங்களோட சேந்து நில்லுங்க, ஆனா உங்க கோரிக்கைப் பட்டியலை நீங்களே எழுதுங்க. கூட்டு மேடைல யுஜிசி ஏரியர்ஸ் முதல் கோரிக்கையா இருக்கும், நம்மளது பதினாலாவதா வரும், பேச்சுவார்த்தை அஞ்சாவதோட முடிஞ்சிரும். முதல் மூணுக்குள்ள ஒண்ணு நம்மளதா வைங்கன்னு முன்கூட்டியே பேசி வாங்கிக்கணும்.

அந்தப் பக்கத்து சீட்டு எய்டட் ஸ்டாஃப்கிட்டயே முதல்ல பேசுங்க. அவங்க சங்க விதில செல்ஃப் ஃபைனான்ஸ் ஊழியரைச் சேக்க இடம் இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா அடுத்த பொதுக்குழுல விதியைத் திருத்தச் சொல்லுங்க, எய்டட் போஸ்ட் வருஷா வருஷம் குறைஞ்சுட்டே வருது, நீங்க சேரலன்னா அந்தச் சங்கத்துக்கும் சந்தா கட்ட ஆள் இருக்காது, இதை அவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க. இந்த மாசம் பாஸ்புக்கு, சம்பள ஸ்லிப்பு, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் மூணையும் எடுத்து வைங்க, உங்க செக்ஷன்ல இன்னும் ஆறு பேரை அதே மாதிரி எடுக்கச் சொல்லுங்க. பி.எஃப் விழலன்னா எந்த மாசத்துலருந்து விழலன்னு எழுதுங்க, அடுத்து மனுவை எப்படி எழுதறதுன்னு சொல்றேன்.